லட்சுமி என்கிற லூர்து மேரி

என் சண்டைக்கார அண்ணிக்கு,

உன் ஸ்டெல்லா எழுதுகிறேன். இன்று கல்லறைத் திருநாள். நீ போன பிறகு இது மூன்றாவது. முதல் இரண்டு வருஷமும் உனக்கென்று ஒரு மெழுகுவத்தி ஏற்ற எனக்குத் துப்பில்லை. அம்மா அப்பா கல்லறையில் ஆளுக்கு ஒன்று ஏற்றிவிட்டு, ஓரமாக மூன்றாவதாக ஒன்றை நட்டுவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டே வந்துவிடுவேன். "மெய்வத்தி ஏத்தறதுக்கு இன்னாடி பயம்? திருட்டுச் சாராயமா காச்சற?" என்று கேட்டிருப்பாய். பயம்தான் அண்ணி. உன் கேஸைப் பற்றிய பயம்.

கேஸ் முடிந்தால் வந்து சொல்லு என்றாய். உன் வாயிலிருந்து நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். முடிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டு துள்ளாதே.

இந்தக் கடிதம் அச்சில் வரப்போகிறது. வக்கீலம்மாதான் எழுதிக் கொடு என்றார். ஊர்ப் பெயரும் அடித்தவர் பெயரும் மட்டும் வேண்டாமாம். அதனால் பூந்தமல்லியைத் தாண்டி ஒரு ஊர், அதை ஒட்டி ஒரு காலனி என்று வைத்துக்கொள்கிறேன். உன் பெயரை மட்டும் மறைக்கப்போவதில்லை. உன் இரண்டு பெயரையும் எழுதுவேன்.

படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். நம் காலனியில் ஆளுக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானத்தின்போது சாமியார் வைப்பது ஒன்று. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பன்காரன் சொல்லுவது இன்னொன்று. சாதிச் சான்றிதழுக்கும் ரேஷன் கார்டுக்கும் பள்ளிக்கூடப் பெயர்தான். அதில் இந்து ஆதிதிராவிடர் என்று இருந்தால் ஹாஸ்டலில் இடம் உண்டு, வேலையில் ஒதுக்கீடு உண்டு. அதே ஆள் நான் கிறிஸ்தவன் என்று உண்மையைச் சொன்னால் அது கிடையாது. இருக்கிற குடிசை அதேதான், ஊர்க்காரன் நம்மைக் கூப்பிடுகிற விதமும் அதேதான், காகிதத்தில் மட்டும் வேறு ஆளாகிவிடுவோம். ஆகவே வீட்டுக்கு ஒரு பெயர், சர்க்காருக்கு ஒரு பெயர். நீ சர்க்காருக்கு லட்சுமி, எங்களுக்கு லூர்து மேரி. நான் கார்டில் செல்வி.

இதை ஏமாற்று என்று நம்மில் யாரும் நினைத்ததில்லை. வெளியே போகும்போது செருப்பு மாட்டுகிற மாதிரி, அவ்வளவுதான்.

ரேஷன் கடை ஊருக்குள் இருந்தது. மண்ணெண்ணெய் போடும் நாளில் ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, கேன்கள்தான் நிற்கும். காலையில் கேனை வைத்துவிட்டுப் போய், வண்டி வந்துவிட்டது என்று சத்தம் கேட்டதும் ஓடி வருவோம். ஊர்க்காரர்களின் கேன்கள் கடை வாசலிலிருந்து ஒரு வரிசை. நம் கேன்கள் பக்கவாட்டுச் சுவரோரம் தனியாக ஒரு வரிசை. அது முடிந்த பிறகுதான் இது. எந்தப் பலகையிலும் அப்படி எழுதியிருக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நம் வரிசைக்கு வரும்போது பாதி நாள் ஸ்டாக் தீர்ந்திருக்கும்.

நீ அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்விட்ச் செய்கிற கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாய். ஒரு மண்ணெண்ணெய் நாளில் லீவு போட்டுவிட்டு வந்தாய். அதற்கு முன்னால் நான்கு தடவை காலிக் கேனோடு திரும்பியிருந்தோம். மழையில் நனைந்த சுள்ளியை ஊதி ஊதி உனக்குக் கண் சிவந்துபோயிருந்தது. நான் நம் சுவரோரம் போனேன். நீ போகவில்லை. நேரே கடை வாசலுக்குப் போய், ஆறு கேனுக்குப் பின்னால் நம் நீலக் கேனை வைத்தாய்.

"நான் ஏழாவதா வந்தேன். எனுக்கு முன்னாடி ஆறு கேன் கீது. எண்ணிப் பாத்துக்கோ" என்றாய். யாரும் உன்னைக் கேட்கக்கூட இல்லை அண்ணி, அதற்குள் பதில் சொன்னாய். உனக்கு எப்போதும் வாய்தான் முன்னால் போகும்.

ஊரின் பெரிய வீட்டுக்காரர் காலால் கேனைத் தள்ளினார். நீ எடுத்து மறுபடி வைத்தாய். மறுபடி தள்ளினார். மூன்றாவது தடவை வைத்தபோது, அளந்து வாங்கியிருந்த தன் கேனைத் தூக்கி உன் தலையில் கவிழ்த்தார். சாதிப் பெயரைச் சொல்லி, "தீப்பெட்டி எட்றா" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். நீ அவர் சட்டையைப் பிடித்தாய். அவர் உன்னைத் தள்ளி, விழுந்தவளின் வலது கையை மிதித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. யாரும் தீப்பெட்டி எடுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து நம் வீட்டில் அடுப்பு பற்றவைக்கத் தீப்பெட்டியை அண்ணனிடம் கொடுத்துவிடுவேன்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

உன்னை ஆட்டோவில் போட்டுக்கொண்டு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன் தலைமுடியிலிருந்து மண்ணெண்ணெய் என் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது. மேசையில் இருந்த டாக்டர் பெரிய நோட்டைத் திறந்துவைத்து, "பேஷண்ட் பேர் சொல்லும்மா" என்றார். நான் லூர்து மேரி என்றேன். வேறெந்தப் பெயர் வரும் எனக்கு? அடுப்படியில் கூப்பிடுகிற பெயர், சண்டையில் கத்துகிற பெயர். லட்சுமி என்று உன்னை நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அவர் அதை எழுதி, கை முறிவு என்றும் எழுதி, கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் சான்றிதழைக் காட்டி லட்சுமி என்று புகார் கொடுத்தோம். எழுதி வாங்க மாட்டேன் என்றார்கள். ஆவடியில் மாடி அறையில் இருந்த வக்கீலம்மாவை அண்ணன் போய்க் கூட்டி வந்தார். அவர் வந்து உட்கார்ந்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில்தான் வழக்குப் போடணும் என்று விடாமல் நின்றார். சட்டம் அப்போது புதிது. ஸ்டேஷனில் இருந்தவர்களுக்கே அது சரியாகத் தெரியவில்லை. வழக்கு பதிவான அன்றைக்கு நீ மாவுக்கட்டுப் போட்ட கையை ஆட்டிக்கொண்டு காலனி முழுக்க நடந்தாய். "எனுக்கு இன்னா புள்ளையா குட்டியா? ஒரு கேஸாவது வளக்கறேன்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு நிஜமாகவே நம்பிக்கை வந்தது.

ஆறேழு மாசம் கழித்து வக்கீலம்மா எங்களை வரச் சொன்னார். ஆஸ்பத்திரி நோட்டின் நகலை மேசைமேல் வைத்து, "இதை யார் சொன்னது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

"எதிர்ப்பக்கம் இதைக் கண்டுபிடிச்சிட்டாங்க. லூர்து மேரி வேற ஆளுன்னா, கை முறிஞ்ச சீட்டு உங்க அண்ணிக்குப் பொருந்தாது. ரெண்டும் ஒரே ஆளுன்னா, அவங்க கிறிஸ்தவங்க. கிறிஸ்தவங்களை இந்தச் சட்டம் எஸ்.சி.ன்னு ஏத்துக்காது. கேஸே நிக்காது" என்றார்.

"அப்போ அடிச்சது?" என்று கேட்டாய்.

"சாதாரண அடிதடின்னு ஆயிடும்."

நீ அந்த நகலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாய். உனக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தாய்.

ஒரு வழி இருக்கிறது என்றார் வக்கீலம்மா. லூர்து என்பது ஏதோ வேண்டுதலுக்காக வைத்த செல்லப் பெயர், அவர் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகிறவர் இல்லை என்று சொல்லலாம். அப்படிச் சொல்ல வேண்டுமானால் வழக்கு முடிகிறவரை நீ கோயில் பக்கமே போகக் கூடாது. பூசை, பூசையில் வாங்குகிற நன்மை, திருவிழா எதுவும் கூடாது. "எனக்கே இதைச் சொல்ல வாய் வரலைம்மா" என்றார். அவரும் நம் ஆள்தான். அவர் பாட்டியின் கல்லறையும் எங்கோ ஒரு கோயிலில், நம் ஆட்களுக்கென்று ஒதுக்கிய பின்சுவர் ஓரம்தான் இருக்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உன் பாட்டுதான் எல்லாருக்கும் முன்னால் ஓடும். ராகமும் கிடையாது, தாளமும் கிடையாது. ஆர்மோனியக்காரர் உன்னைத் துரத்திக்கொண்டு வருவார். நானே உன் பக்கத்தில் நிற்க வெட்கப்பட்டிருக்கிறேன். அந்தக் குரல் நின்றுபோனபோது மூன்று வாரம்வரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நாலாவது வாரம் ஆர்மோனியக்காரரே வந்து, "லூர்துக்கு ஒடம்பு சரியில்லையா?" என்றார். நான்தான் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினேன்.

நம் இயேசுவின் திரு இருதயப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்தாய். அந்த இடத்தில் முருகன் படம் போட்ட காலண்டரை மாட்டினாய். "அவரு பாட்டுக்கு இருக்கட்டும். ரெண்டு பேரும் நம்மள மாதிரி சண்டை போட்டுக்க மாட்டாங்க" என்றாய். அண்ணன் சிரித்தார். ஆணி அடிக்கும்போது மூன்று தடவை தவறவிட்டாய். முறிந்த கை என்பதால் என்று நினைத்துக்கொண்டேன்.

உனக்கு நான்தான் போலீஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவாடு வாங்கி வருகிறேன் என்று கிளம்பி, பகல் பன்னிரண்டுக்கு வெறுங்கையோடு வந்தாய். எங்கே போனாய் என்று பிடித்துக்கொண்டேன். ஆவடியில் ரயில் ஏறித் திருநின்றவூர் போனாயாம். அங்கே நம்மை யாருக்கும் தெரியாது என்று ஒரு கோயிலின் மதிலுக்கு வெளியே நின்று பூசை கேட்டாயாம்.

"உள்ள போவலடி. வெளிலதான் நின்னேன்" என்றாய்.

"வெளில நின்னா மட்டும் கண்ணு தெரியாதா ஊருக்கு? உன்னால கேஸு போவப்போது. இன்னொரு தபா போனா நான் கோர்ட்டுக்கே வர மாட்டேன்" என்று கத்தினேன். உன்னைவிட எட்டு வயசு சின்னவள் நான். நீ திருப்பிக் கத்தவில்லை. அதற்குப் பிறகு நீ எங்கேயும் போகவில்லை. எஸ்டேட்டிலும் வேலை போய்விட்டது, அந்தக் கையால் பெட்டி கட்ட முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்தாய். உன் குரலும் சேர்ந்து சின்னதாகிக்கொண்டே போனது.

கோர்ட்டில் உன்னைக் கூண்டில் ஏற்றிய நாள் உனக்கு நினைவிருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் பவ்யமாகத்தான் கேட்டார். "ஏம்மா, உங்க பேரு லட்சுமியா, லூர்து மேரியா? நீங்க இந்துவா, கிறிஸ்டியனா?" செல்லப் பெயர் என்று சொல்ல உனக்குப் பத்து நாள் சொல்லிக்கொடுத்திருந்தோம். நீ வக்கீலம்மாவைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், அப்புறம் அந்த மனுஷனைப் பார்த்தாய்.

"அய்யா, என்னை அடிச்சாரே, அவரு கோயில் நோட்டப் பாத்துட்டா அடிச்சாரு?"

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்மா என்றார் ஜட்ஜ். அதற்குப் பிறகு அந்தக் கேள்விக்கு நீ வாயே திறக்கவில்லை. வெளியே வந்ததும் நான் உன்னைத் திட்டினேன். இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நீ மறுக்கவில்லை. கடைசிவரை உன் வாயால் நீ மறுக்கவே இல்லை.

வாய்தாமேல் வாய்தா. ஜட்ஜ் மாறினார், புது ஜட்ஜ் வந்தார். அதற்குள் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த மத்தியானத்தை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணன் ஆவடிக்கு வேலைக்குப் போயிருந்தார். நீயும் நானும்தான். கண்ணெல்லாம் மஞ்சளாக என்னைப் பார்த்து, "ஸ்டெல்லா, சாமியாரைக் கூட்டியாயேன். அவஸ்தைப்பூசுதல் வாங்கிக்கறேன்" என்றாய். சாகப்போகிறவர்களுக்குச் சாமியார் எண்ணெய் பூசிச் செபிப்பது அது. கோயில் எவ்வளவு தூரம்? பத்து நிமிஷ நடை. அடுத்த வாய்தாவுக்குப் பதினோரு நாள் இருந்தது. சாட்சி சொல்ல வேண்டியவள் நான். பெரிய வீட்டு ஆட்கள் இரண்டு பேர் நம் தெருமுனை டீக்கடையில் எந்நேரமும் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணெய்ச் சிமிழோடு சாமியார் நம் வாசலுக்குள் நுழைந்தால், அன்றைக்குச் சாயங்காலமே அது அவர்கள் வக்கீலுக்குப் போய்விடும்.

"சொல்லி அனுப்பிட்டேன் அண்ணி. வந்துகினு கீறாரு" என்றேன்.

நான் யாரையும் அனுப்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து "வந்துட்டாரா?" என்றாய். வந்துகொண்டிருக்கிறார் என்றேன். இன்னொரு தடவையும் கேட்டாய். அப்போதும் அதையேதான் சொன்னேன். அதற்கப்புறம் நீ கேட்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். கண்டுபிடித்துவிட்டாயா அண்ணி? குழம்பில் உப்பு கூடினாலே தெருவுக்குக் கேட்கத் திட்டுகிறவள், அன்றைக்கு ஏன் என்னைத் திட்டவில்லை?

"சரி வுடு. கேஸு முடிஞ்சா வந்து சொல்லு" என்றாய். மூன்று மணி இருக்கும் அப்போது. சாயங்காலம் அண்ணன் வரும்போது நீ இல்லை.

கோயில் கல்லறைக்கு உன்னைக் கொண்டு போகவில்லை. ஏரிக்கரையில் காலனிச் சுடுகாட்டில் புதைத்தோம். செபம் இல்லை, சிலுவை இல்லை. மண்ணைத் தள்ளும்போது அண்ணன் மட்டும் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன், நிறுத்து என்று. கோயில் கல்லறையிலும் நமக்குப் பின்சுவர் ஓரம்தான் இடம், அதனால் என்ன பெரிய நஷ்டம் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் உனக்கு அந்தப் பின்சுவர்தான் வேண்டியிருந்தது. உன் மாமியார் மாமனார் அங்கேதானே இருக்கிறார்கள்.

பதினோராம் நாள் நான் கூண்டில் ஏறினேன். என் பெயர் செல்வி என்றேன். லூர்து செல்லப் பெயர் என்றேன். "எங்க அண்ணி கோயிலுக்கே போனதில்லீங்க" என்றேன். திக்காமல் திணறாமல் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, கோர்ட் சம்மன் அனுப்பி வரவழைத்திருந்த கோயில் கல்யாணப் பதிவேட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

உன் கல்யாணப் பக்கம். உன் பெருவிரல் ரேகை, அண்ணன் கையெழுத்து. கீழே சாட்சி என்ற இடத்தில், நீலப் பேனாவால், ஸ்டெல்லா. அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு பெரிய புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்று பெயருக்குக் கீழே கோடெல்லாம் இழுத்திருந்தேன்.

"இது யார் கையெழுத்தும்மா?" என்றார். நான் பெயருக்குக் கீழே இருந்த கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தீர்ப்பு வர அதற்குப் பிறகும் இரண்டு வருஷத்துக்குமேல் ஆனது. போன ஆடியில்தான் வந்தது. லட்சுமி என்கிற லூர்து மேரி கிறிஸ்தவ மதத்தைப் பின்பற்றியவர் என்பது ஐயமற நிரூபணமாகிறது, ஆகவே வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது. கை முறிந்தது கீழே விழுந்ததாலும் இருக்கலாம். இரண்டாம் சாட்சி செல்வி என்கிற ஸ்டெல்லா நம்பத்தகுந்தவர் அல்ல. பெரிய வீட்டுக்காரர் வெறும் அடிதடிக்கு அபராதம் கட்டிவிட்டு, வேட்டியைத் தட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். "தீப்பெட்டி எட்றா" என்ற சொல் தீர்ப்பில் ஓர் இடத்திலும் இல்லை. நான்கைந்து தடவை படித்துப் பார்த்தேன்.

இன்னொன்றும் கேள். அதிகாரிகள் வந்து பிரச்சினையைத் தீர்த்துவைத்துவிட்டார்கள். நம் காலனிக்கே தனியாக ரேஷன் கடை. வாரத்தில் இரண்டு நாள் திறக்கிறார்கள். இனி யாரும் யாருடைய வரிசையிலும் கேன் வைக்க வேண்டியதில்லை. நம் ஆட்களே நல்லதாகப் போச்சு என்கிறார்கள். நீ ஏழாவதாக வைத்த இடம் இப்போது முழுக்க அவர்களுக்குத்தான். பாரிவாக்கம் பக்கம் வயலெல்லாம் பிளாட் கல் நட்டுவிட்டார்கள், வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். அவர்களிடமும் மனை காட்டும்போதே காலனி எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுகிறார்களாம்.

தீர்ப்பு நகல் கைக்கு வந்து ரொம்ப நாள் அதை டிரங்குப் பெட்டியில், உன் திரு இருதயப் படத்தோடுதான் வைத்திருந்தேன். பத்து நாளைக்கு முன்னால் படத்தை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். நகலும் கையோடு வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோர்ட்டே எழுதிக் கொடுத்திருக்கிறது, நீ கிறிஸ்தவள் என்று. ஐயமற என்று. இதைவிடப் பெரிய சான்றிதழ் எந்த ஆபீஸில் கிடைக்கும்?

அண்ணனையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். இப்போது இருப்பவர் புதுச் சாமியார், உன்னைத் தெரியாது. நான்கைந்து வருஷம் கோயிலுக்கு வராதவர், செபமில்லாமல் புதைக்கப்பட்டவர், நான் எதை வைத்து எழுதுவது என்றார். நகலை நீட்டினேன்.

"இந்தப் பக்கத்தைப் படிங்க சாமி. எங்களைத் தோக்கடிக்க எழுதினது இது. இதுக்காவது ஆவட்டும்" என்றேன்.

அவர் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். மரணப் பதிவேட்டை எடுத்தார். பெயர் எழுதினார். கணவர் பெயர், இறந்த நாள், புதைத்த இடம். எல்லாவற்றுக்கும் அண்ணன் பதில் சொன்னார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, "அவஸ்தைப்பூசுதல் வாங்கினாங்களா?" என்று கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"இல்ல சாமி. கேட்டாங்க. மூணு தபா கேட்டாங்க. நான்தான் கூப்பிடல" என்றேன்.

சாமியார் இல்லை என்று எழுதினார். மை காயட்டும் என்று புத்தகத்தைத் திறந்தே வைத்திருந்தார். உன் சாவுக்குப் பிறகு உன்னைப் பற்றி எழுதப்பட்ட எல்லாக் காகிதத்திலும் நான் பொய்யில்லாமல் சொல்லி ஏறியது அந்த ஒரு சொல்தான்.

அண்ணன் அதற்குப் பிறகு எட்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார். இன்று காலையில்தான் வாசலில் நின்று, "சுண்ணாம்பு கரைச்சிட்டேன். வரியா?" என்றார். ஏரிக்கரைக்குப் போனோம். சாமியார் வந்து செபம் சொல்லி உன் மண்ணை மந்திரித்தார். சிமெண்டுச் சிலுவையில் அண்ணன் உன் இரண்டு பெயரையும் எழுதினார். பாட வேண்டிய இடத்தில் நான் பாடினேன் அண்ணி, ராகமில்லாமல், உன்னை மாதிரியே. கரையில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வக்கீலம்மா ஹைகோர்ட்டுக்குப் போகலாம் என்கிறார். இந்தத் தடவை எதையும் மறைக்காமல் போகலாமாம். ஆமாம், இவர் கிறிஸ்தவர், இருந்தும் இதே சாதிக்காகத்தான் இவரை அடித்தார்கள், இதற்கு உங்கள் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கலாமாம். தோற்கத்தான் வாய்ப்பு அதிகம் என்றும் சொல்லிவிட்டார். அதற்கு நான் பிரமாணப் பத்திரம் எழுதித் தர வேண்டும். கூண்டில் சொன்னது பொய் என்று அதில் எழுதினால் என் மேலேயே வழக்கு வரலாம், யோசிச்சுக்கோ என்றார். ஒரு வாரமாக யோசித்தேன். கொரட்டூரில் நான் தைக்கிற கம்பெனியில் இது தெரிந்தால் வேலையும் போகும்.

எழுதித் தருகிறேன் அண்ணி. ஆஸ்பத்திரியில் சொன்ன பெயர் சரியான பெயர், கோர்ட்டில் சொன்னதுதான் பொய் என்று எழுதுவேன். என்ன ஆயிற்று என்று ஏரிக்கரைக்கே வந்து சொல்லுவேன். நீ எதையாவது கேட்டால், இனி வந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் உன்னிடம் சொல்ல மாட்டேன்.

உன் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட நாத்தனார்,
செல்வி என்கிற ஸ்டெல்லா